முப்படைத் தலைமைத் தளபதி நியமனத் தகுதிகள் (இந்தியா)

இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதியாக யாரை நியமிக்கலாம் என்பதை ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் பணி விதிகள் முடிவுசெய்கின்றன. கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட அமைச்சர்கள் குழு 2001இலேயே இப்பதவியைப் பரிந்துரைத்தது. ஆனால் 2019 டிசம்பர் 24இல்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நான்கு நாள் கழித்து, இப்பதவியில் இருப்பவர் 65 வயது வரை நீடிக்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. ராணுவத் தளபதியாக ஓய்வுபெறவிருந்த ஜெனரல் பிபின் ராவத் 2020 ஜனவரி 1இல் முதல் தலைமைத் தளபதியானார்.

2021 டிசம்பர் 8இல், வெலிங்டன் படை அதிகாரிகள் கல்லூரிக்குச் செல்லும் வழியில் குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் ராவத் உயிரிழந்தார். அதன்பின் ஒன்பது மாதத்துக்கு மேல் பதவி காலியாகக் கிடந்தது. அந்த இடைவெளியில், 2022 ஜூனில், மூன்று படைகளின் விதிகளும் தனித்தனி அறிவிக்கைகளால் திருத்தப்பட்டன. லெப்டினன்ட் ஜெனரல் அல்லது ஜெனரல் தரத்தில் பணியில் இருப்பவரையோ, அத்தரத்தில் ஓய்வுபெற்று நியமன நாளில் 62 வயது நிரம்பாதவரையோ பொதுநலன் கருதி அரசு நியமிக்கலாம். கடற்படை, விமானப்படையில் இவற்றுக்கு இணையான தரங்களுக்கும் இது பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த 62 எவ்வளவு பேரை வடிகட்டுகிறது என்பது தெரியும். படைத் தளபதிகளின் பதவிக்காலம் மூன்றாண்டு அல்லது 62 வயது, இதில் எது முந்துகிறதோ அது. எனவே வயது காரணமாக ஓய்வுபெற்ற தளபதி எவரும் தகுதி இழக்கிறார். 2022 ஏப்ரல் இறுதியில் ராணுவத் தளபதி பொறுப்பிலிருந்து விலகிய ஜெனரல் நரவணேவுக்கும் அந்த மாதமே 62 நிரம்பியிருந்தது. மாறாக, 60 வயதில் ஓய்வுபெறும் லெப்டினன்ட் ஜெனரலுக்கு இரண்டாண்டு வாய்ப்புக் கிடைக்கிறது. மேல்வாசலைக் குறுக்கிக் கீழ்வாசலை அகலமாக்கிய திருத்தம் இது. முப்படைகளையும் ஒருங்கிணைப்பதே இப்பதவியின் முதன்மைப் பணி; ஆயினும் கூட்டுப்படைப் பொறுப்பில் அனுபவம் வேண்டும் என்று விதி கேட்கவில்லை. வயதையும் தரத்தையும் மட்டுமே அது பார்க்கிறது.

பதவிக்குப் பிந்தைய நிபந்தனைகள் 2019இலேயே வகுக்கப்பட்டவை. விலகியவர் வேறு அரசுப் பதவி ஏற்க முடியாது. ஐந்தாண்டுகளுக்கு, முன்அனுமதியின்றித் தனியார் வேலையும் கூடாது.

புதிய விதியால் முதலில் பயனடைந்தவர் அனில் சௌகான். கிழக்குப் பிராந்திய ராணுவத் தளபதியாக 2021 மே மாதம் ஓய்வுபெற்ற இந்த லெப்டினன்ட் ஜெனரல், 61 வயதில், 2022 செப்டம்பர் 30இல் ஜெனரல் தரத்தில் பொறுப்பேற்றார். 2025 செப்டம்பரில் அவரது பதவிக்காலம் 2026 மே 30 வரை நீட்டிக்கப்பட்டது; அவருக்கு 65 வயது நிறைவதும் அதே மாதத்தில்தான்.