தாத்தாவின் தகர டப்பா

சாலவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஊமத்தை தானாக முளைக்கும். தாத்தா அதன் இலையை நிழலில் உலர்த்தி, கசக்கி, தகர டப்பாவில் அடைத்து வைத்திருப்பார். ஐப்பசி மழையோடு இழுப்பு வந்துவிட்டால் ராத்திரி திண்ணையில் குந்தி, அதைச் சுருட்டிப் பற்றவைப்பார். நாலு தடவை புகையை உள்ளே வாங்கியதும், ஏறி இறங்கிக்கொண்டிருந்த விலா எலும்புகள் மெல்ல அடங்கும்.

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு, அந்த டப்பாவின் வரலாறு ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. கம்பெனி காலத்தில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கச் சொன்னவர். ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802-இல் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பின்னால் ஆஸ்துமா சிகரெட்டாகவே கடைகளில் விற்றது. அதிலிருக்கும் அட்ரோபின் மூச்சுக் குழாயின் தசையைத் தளர்த்தும். இன்று மூச்சில் இழுக்கும் பம்பில் வரும் இப்ராட்ரோபியம் மருந்து அதன் வழிவந்ததுதான். ஆனால் ஊமத்தை விஷம். அளவு மீறினால் சித்தம் கலங்கும், உயிரும் போகும். யாரும் கை வைக்க வேண்டாம்.

தாத்தா ஒல்லி. நானோ 84 கிலோ வரை போனவள். நாற்பது வயதில் எனக்கு இழுப்பு வந்தபோது, மருந்துக் கடையில் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். சீக்கிரமே மூச்சு சீரானது. அடைக்கும்போதெல்லாம் அதையே வாங்கி விழுங்கினேன், வருடக்கணக்கில். அது ஸ்டீராய்டு என்று யாரும் சொல்லவில்லை. பசி அடங்காது. முகம் உப்பியது. ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தைத்தேன். மாத்திரையால் ஏறிய எடை, இழுப்பைக் கூட்டியது.

ஒரு டாக்டரம்மாதான் குழாயில் ஊதச் சொல்லி, இதில் ஆஸ்துமா எவ்வளவு, எடையால் வரும் இரைப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார். வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் விரிய இடம் குறையும், படுத்தால் இன்னும் மோசம். கொழுப்பே உடம்பில் அழற்சியை வளர்க்கும். அதனால் 1972 முதல் புழக்கத்துக்கு வந்த ஸ்டீராய்டு பம்ப், பருமனானவர்கள் பலருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

"அதுக்காக பம்பை விட்டுடாதீங்கம்மா. மாத்திரை மில்லிகிராம் கணக்கு, இது மைக்ரோகிராம் கணக்கு. எடையில நூத்துக்குப் பத்து பங்கு குறைங்க, மருந்து நல்லா பிடிக்கும்."

தினமும் விடியலில் ஏரிக்கரையில் நடக்கிறேன். இப்போது 77 கிலோ. பம்ப் இடுப்பில் செருகியிருக்கும். ராத்திரி மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து கிடந்தவள், ஒன்றிலேயே படுக்கிறேன்.