ஆடாதோடை: வேலியோரத்திலிருந்து மருந்துக்கடைக்கு

ஆடாதோடை, சளிக்கும் இருமலுக்கும் இரைப்புக்கும் தமிழ்நாட்டு மருத்துவம் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் குத்துச்செடி. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். நுனி கூர்ந்த நீண்ட இலை. ஊதாக் கோடு ஓடிய வெள்ளைப் பூ. இலையின் கசப்புக்கு ஆடு மாடு வாய் வைப்பதில்லை என்பதால் தோட்டங்களுக்கு வேலியாக நட்டார்கள். இருமல் வந்தால் கொல்லைப்புறம் போய் நான்கு இலை பறித்து வருவது எளிதாயிற்று.

ஆயுர்வேத நூல்களான சரக, சுசுருத சங்கிதைகளில் இச்செடி வாசா என்ற பெயரில் வருகிறது. சித்த மருத்துவத்தில் இதன் முதன்மையான வடிவம் குடிநீர்: இலையைத் தண்ணீரில் இட்டு நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி, திப்பிலிப் பொடியோ தேனோ சேர்த்துக் கொடுப்பார்கள். கசப்பைத் தாங்காத பிள்ளைகளுக்கு மணப்பாகு உண்டு. ஆடாதோடை மணப்பாகு இன்றும் அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் கிடைக்கிறது. 2020இல் கொரோனா பரவியபோது தமிழகமெங்கும் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று.

ஐரோப்பாவுக்கு இச்செடி இலங்கை வழியாக அறிமுகமானது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே பணியாற்றிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவன மருத்துவர் பால் ஹெர்மன் திரட்டிய செடிகளைத் தாவரவியலாளர் லின்னேயஸ் பின்னாளில் ஆராய்ந்தார். 1753இல் அவர் இதற்கு ஜஸ்டிசியா அடாதோடா என்று பெயரிட்டார்.

வரலாற்றின் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான். மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா தேடி நீலகிரியில் சிங்கோனா மரம் பயிரிட்ட 19ஆம் நூற்றாண்டுக் காலம். சென்னை மாகாண அரசின் கொய்னா வேதியியலாளராக உதகையில் இருந்த டேவிட் ஹூப்பர், 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து வாசிசின் என்ற காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். இதே செடியிலுள்ள, மூச்சுக்குழலைத் தளர்த்தும் வாசிசினோன் பற்றி அமின், மேத்தா என்ற ஆய்வாளர்கள் 1959இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் புரோம்ஹெக்சினை உருவாக்கியது. 1963இல் அது விற்பனைக்கு வந்தது. கெட்டிப்பட்ட சளியை இளக்கி வெளியேற்றும் மருந்து இது. உடலுக்குள் புரோம்ஹெக்சின் மாறி உண்டாகும் அம்ப்ராக்சாலும் பின்னர் தனி மருந்தாயிற்று. இன்று மருந்துக்கடையில் வாங்கும் பல இருமல் சிரப்புகளில் இவ்விரண்டில் ஒன்று இருக்கும்.

இந்த உறவைப் பெருமையாகச் சொல்லலாம்; மிகைப்படுத்தக் கூடாது. இலையில் புரோம்ஹெக்சின் இல்லை. அது செயற்கையாக ஆக்கப்பட்ட மூலக்கூறு. அளவு திட்டமாக அறுதியிடப்பட்டது. இலையிலோ வாசிசின் அளவு பருவத்துக்கும் மண்ணுக்கும் ஏற்பக் கூடும், குறையும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்பது தவறு. ஆனாலும் எந்தச் செடியை ஆராய வேண்டும் என்று வேதியியலாளருக்குக் காட்டியது வைத்தியர்களின் பட்டறிவு. அந்தக் கடனை மருந்தியல் நூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆகவே கருவுற்ற பெண்கள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். பழைய வைத்தியத்தில் சயரோகத்துக்கும் (காசநோய்) இதைக் கொடுத்தார்கள் என்பதை நம்பி யாரும் காத்திருக்கலாகாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், குடிநீரை மட்டும் குடித்துக்கொண்டிராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.