யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரைவாழ் ஓட்டுடலிகள்

தரைவாழ் ஓட்டுடலிகள் என்பவை, நண்டும் இறாலும் அடங்கும் கிரஸ்டேசியா என்னும் பெருந்தொகுதியில், கடலை விட்டு நிலத்தில் வாழத் தலைப்பட்ட உயிரினங்களாகும். தனித்தனிக் கிளைகள் வெவ்வேறு காலங்களில் கரையேறியமையால், இவை நிலத்துக்குப் பழகிய அளவிலும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. சுண்ணாம்புக்கற் படுகையின் மேல் அமைந்து, வற்றாத ஆறு எதுவுமின்றி, ஆண்டு மழையின் பெரும்பங்கை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையே பெறும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவற்றின் பரவலை முதன்மையாகத் தீர்மானிப்பது ஈரமாகும்.

வகைப்பாடு

தரைவாழ் இனங்களுள் பெரும்பாலானவை மூன்று வரிசைகளில் அடங்குகின்றன. முதலாவதான பத்துக்காலிகளில் பேய் நண்டுகளும், வெறுஞ்சங்கினுள் உடலைச் செருகிக்கொண்டு திரியும் துறவி நண்டுகளும், நன்னீர் நண்டுகளும் உள்ளன. இரண்டாவதான இருவகைக்காலிகள் பக்கவாட்டில் தட்டையான, துள்ளிச் செல்லும் சிற்றுயிர்கள். அவற்றுள் தாலிட்ரிடே குடும்பத்தவையே நிலத்துக்கு ஏறின.

மூன்றாவதான சமகாலிகள், கால்கள் ஏறத்தாழ ஒரே வடிவில் அமைந்திருப்பதால் அப்பெயர் பெற்றன. இவற்றின் தரைவாழ் பிரிவான ஒனிஸ்கிடியா, 1802 இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேய் வகுத்தது. உலகெங்கும் 3,500க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இதுவே ஓட்டுடலிகளுள் நிலத்தை மிகப் பெருமளவில் வென்ற பிரிவாகும். கல்லையோ சருகையோ புரட்டும்போது ஓடி ஒளியும் இவற்றுட் சில, தொட்டவுடன் உருண்டையாகச் சுருள்வதால் மரவட்டை எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. ஆயினும் மரவட்டையின் பெரும்பாலான உடற்கண்டங்களில் இரு சோடிக் கால்கள் இருக்க, இவற்றுக்கு மொத்தமே ஏழு சோடிக் கால்கள்தான் உள்ளன.

மூச்சும் இனப்பெருக்கமும்

பேய் நண்டும் துறவி நண்டும் நிலத்திலே திரிந்தாலும், அவற்றின் குடம்பிகள் கடலிலேயே வளர்வதால், முட்டை பொரிக்கும் காலத்தில் பெண் நண்டுகள் நீரை நாடுகின்றன. நன்னீர் நண்டுகளில் குடம்பிப் பருவம் இல்லை. முட்டையிலிருந்து சிறு நண்டே வெளிவருகிறது. தரைச் சமகாலிகளோ, தாயின் வயிற்றுப்புறத்தில் நீர் நிறைந்த பையிலே முட்டைகளைச் சுமந்து, கடல் செய்த வேலையைத் தம் உடலுக்குள்ளேயே செய்கின்றன. அவற்றின் வயிற்றுக் கால்கள் செவுள்களாகத் தொழிற்படுவதோடு, பல இனங்களில் அக்கால்களிலுள்ள நுண்குழல்கள் காற்றை நேரடியாக ஏற்கின்றன. எனினும் மேற்தோலில் பூச்சிகளுக்குள்ளது போன்ற மெழுகுப் பூச்சு இல்லாமையால் உடல்நீரை எளிதில் இழக்கும் இவை, பகலில் மறைந்து இரவில் இரை தேடுகின்றன.

பரவல்

கரையிலிருந்து உள்நிலம் நோக்கிச் செல்லும்போது, நிலத்துக்குப் பழகிய அளவிலுள்ள இவ்வேறுபாடு தெளிவாகிறது. வடமராட்சி கிழக்கில் மணற்காடு போன்ற மணற்கரைகள் வளை தோண்டும் பேய் நண்டுகளுக்கு உரியவை. கடனீரேரியின் சேற்று நிலங்களிலும் கண்டற் காடுகளின் ஓரத்திலும், ஆணின் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக வளரும் பிடில் நண்டுகள் வாழ்கின்றன. கரையொதுங்கும் சாதாளைக் குவியல் துள்ளும் இருவகைக்காலிகளுக்கு உணவும் உறையுளுமாகும். அலை மோதும் பாறைகளும் துறைமுகக் கற்கட்டுகளும் கடலை முற்றாக விடாத லிஜியா என்னும் சமகாலிப் பேரினத்துக்கு ஏற்றவை.

இலங்கையின் ஏறத்தாழ 50 நன்னீர் நண்டு இனங்களுள் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் ஒடுங்கியுள்ளன. வறண்ட வலயத் தாழ்நிலங்களில் ஓசியோதெல்பூசா, ஸ்பைரலோதெல்பூசா ஆகிய பேரினங்கள் காணப்படுகின்றன. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றுப் படுகை, குளங்கள், நெல்வயல்கள் ஆகியவை குடாநாட்டில் இத்தகைய நண்டுகளுக்கு உகந்த இடங்களாகும். தரைச் சமகாலிகளுக்கு, வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் எருக்குவியலும், கிணற்றடியும், பூவரசு வேலியின் சருகும் ஈரம் தருகின்றன. போர்செல்லியோனைட்ஸ் புரூயினோசஸ் போன்ற சில இனங்கள் மனிதரின் பயிரோடும் மண்ணோடும் பயணித்து உலகெங்கும் பரவியுள்ளன.

சூழலியற் பங்கு

சருகை மென்று நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்கத்தக்கதாக்கும் தரைச் சமகாலிகள், இலைமக்கிலுள்ள ஊட்டங்களை மண்ணுக்குத் திரும்ப அளிக்கின்றன. பனையோலையையும் பசுந்தழையையும் மண்ணிற் புதைத்து வளஞ்சேர்க்கும் குடாநாட்டு வேளாண் மரபு இத்தகைய உயிர்களின் உழைப்பிலும் தங்கியுள்ளது. ஆகவே, வேலியடிச் சருகை எரிப்பதும் மிகையான பூச்சிகொல்லிப் பயன்பாடும் இவ்வுயிர்களின் ஈரப் புகலிடத்தை மட்டுமன்றித் தோட்டக்காரனின் மண்வளத்தையும் குறைப்பனவாகும்.