பிழைச் செய்திக்கும் தேதி உண்டு

அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை கைக்கு வந்தால் முதலில் அதன் தேதியைத்தான் பார்ப்போம். பின்னால் வந்த ஒன்று அதை ரத்து செய்திருக்கலாம். பழையதை நம்பிக் குறிப்பு எழுதினால் கோப்பு அப்படியே திரும்பி வரும். கணினியில் ஒரு கருவியை நிறுவும்போது வரும் பிழைச் செய்திகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். என் தந்தையார் சேர்த்து வைத்த பிரெஞ்சிந்திய அரசிதழ்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. தொட்டால் தாள் உதிர்கிறது. புதுவையில் பல வீடுகளில் இப்படியொரு பெட்டி இருக்கும். பேரன் சில இதழ்களை ஸ்கேன் செய்து கொடுத்தான். அந்தப் படங்களிலுள்ள அச்செழுத்தைப் படித்து, ஒரு பெயரைத் தட்டினால் தேடித் தரும்படி செய்கிற பைதான் கருவி ஒன்று உண்டு. விலை கிடையாது. ஆனால் சுட்டியால் சொடுக்கும் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். அதை ஓட்டுவதைவிட நிறுவுவதுதான் பெரிய வேலை. ஏன் அப்படி என்று தேடிப் படித்ததில் கிடைத்தது இந்த வரலாறு.

ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய கைடோ வான் ராசம், 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைதான் மொழியை எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். பெயர் மலைப்பாம்பைக் குறித்ததல்ல. மாண்டி பைதான் என்ற ஆங்கில நகைச்சுவைக் குழுவிடமிருந்து வந்தது. பிறர் எழுதிய நிரலை ஒரே முறையில் நிறுவ 2000இல்தான் டிஸ்ட்யூடில்ஸ் என்ற ஏற்பாடு மொழியோடு சேர்ந்தது. 2003இல் எல்லா நிரல் தொகுப்புகளுக்கும் பைபிஐ என்ற பொதுப் பதிவேடு வந்தது. அதற்குச் செல்லப் பெயர் 'சீஸ் கடை'. மாண்டி பைதான் நாடகத்தில் வரும் அந்தக் கடையில் எந்தச் சீஸைக் கேட்டாலும் இருக்காது. பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் முன்பே புரிந்திருக்கிறது! 2004இல் ஈசி இன்ஸ்டால் வந்தது. அது தொகுப்பைக் கொண்டுவந்து வைக்கும், எடுக்கத் தெரியாது. 2008இல் இயன் பிக்கிங் எழுதிய பிப் வந்து, நாளடைவில் அந்தக் குறையும் தீர்ந்தது.

இனிப் பிழைகளுக்கு வருவோம்.

என் கணினி பிரெஞ்சில் பேசும். நிறுவிய பிறகு கருவியின் பெயரைத் தட்டினால் 'கொமாந்த் ஆன்த்ரூவாபிள்' என்கும். கவனியுங்கள், அது 'இல்லை' என்று சொல்லவில்லை, 'அகப்படவில்லை' என்கிறது. கோப்பு இருக்கிறது, வேறு பிரிவின் அலமாரியில் இருக்கிறது. எந்தெந்த அலமாரியில் தேடுவது என்ற பட்டியலுக்குப் 'பாத்' என்று பெயர். அது 1979இன் யூனிக்ஸ் காலத்து வழக்கம். அந்தப் பட்டியலில் புதிய இடத்தைச் சேர்த்துவிட்டால் போதும்.

'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லை என்று குறை சொன்னால் அது 2008இன் வழக்கு. அந்த ஆண்டு வந்த பைதான் 3, பழைய எழுத்துமுறையை ஏற்பதில்லை. பைதான் 2க்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிந்தது. ஆகவே அந்த நிரலே பழையது. புதிய பதிப்பைத் தேட வேண்டும்.

'ஜிசிசி' தோற்றது என்று பக்கம் பக்கமாக ஓடினால், தொகுப்பின் சி மொழிப் பகுதியை உங்கள் கணினியே சமைக்கப் பார்க்கிறது என்று பொருள். 2013 வாக்கில் வந்த 'வீல்' முறை, சமைத்ததையே கொண்டுவந்து தருகிறது. பிப் மிகப் பழையதாக இருந்தாலோ, உங்கள் பைதான் பதிப்புக்கு வீல் தயாராக இல்லாவிட்டாலோ இந்தத் தொல்லை வரும். பிப்பைப் புதுப்பித்துப் பாருங்கள்.

'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்று மறுத்தால், அது 2023இன் ஆணை. லினக்ஸ் தன் சொந்த வேலைகளுக்கும் பைதானைப் பயன்படுத்துகிறது. நாம் பிப் கொண்டு அதில் கை வைத்தால் அந்த வேலைகள் கெடலாம். அதனால் டெபியன் 12 முதல் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். 2012இல் எழுதிய ஆலோசனை 'நிர்வாகி அதிகாரத்தோடு பிப் ஓட்டு' என்று சொல்லும். அன்று அது நடைமுறை, இன்று செல்லாது. இன்றைய வழி பிப்எக்ஸ். ஒவ்வொரு கருவிக்கும் தனி அறை கொடுத்து, வாசலில் பெயர்ப் பலகை மட்டும் மாட்டும்.

இத்தனைக்குப் பிறகும் என் கருவி 'டெசராக்ட் எங்கே?' என்றது. எழுத்தைப் படிக்கும் உண்மையான கண் அதுதான். 1980களில் ஹியூலெட் பேக்கர்டில் பிறந்து, 2005இல் பொதுவில் விடப்பட்டது. அது பைதானே அல்ல. பிப்பும் அதைக் கொண்டுவராது. லினக்ஸின் தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து தனியாக நிறுவ வேண்டும். பிரெஞ்சு எழுத்துத் தரவையும் தனியாகவே கேட்க வேண்டும். இல்லையேல் எழுத்தின் மேலுள்ள குறிகளெல்லாம் உருமாறி, நம் முன்னோரின் பெயர்கள் தேடலில் அகப்படாது.

ஆகவே நண்பர்களே, திரை நிறையச் சிவப்பு எழுத்து ஓடினால் கலங்காதீர்கள். பைதானின் நீண்ட செய்தியில் கடைசி வரிதான் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லும். அதை முதலில் படியுங்கள். அது எந்த ஆண்டு மாற்றத்தால் வந்தது என்று பாருங்கள். பிறகு, யாராவது தரும் தீர்வு அந்த ஆண்டுக்கு முன்னதா பின்னதா என்று பாருங்கள். முன்னதென்றால் விட்டுவிடுங்கள். முப்பது ஆண்டு கோப்பு கட்டிய நமக்கு இது புதிய வித்தையில்லை.