துளைத்தாளும் எண்நிரலும்

மிடி என்று இசைக்கூடங்களில் வழங்கும் முறையின் வரலாற்றை அறிய, முதலில் ஒரு காகிதச் சுருளை மனத்தில் கொள்ளவேண்டும். தானியங்கிப் பியானோவில் அச்சுருள் மெல்ல நகரும். அதிலுள்ள ஒவ்வொரு துளையும் ஒரு கட்டையை இயக்கும். துளையின் நீளமே சுரத்தின் நீளம். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்து வெல்ட்டே நிறுவனம் 1904-இல் கொணர்ந்த கருவி, வாசித்தவரின் வன்மை மென்மைகளையும் திருப்பித் தந்தது. அத்தகைய சுருள்களில் பிழைபட்ட துளையை ஒட்டி மூடி, உரிய இடத்தில் புதுத்துளை இட்டுத் திருத்துவதும் உண்டு. இது எவ்வாறு இயன்றது? சுருளில் ஒலி பதியவில்லை. வாசிப்பவரின் செயலே பதிந்திருந்தது.

இக்கருத்தே பின்னர் மின்னணு வடிவம் பெற்றது. அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித் 1981-இல் பொது இணைப்பு முறையொன்றை முன்மொழிந்தார். ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுடாரோ ககேஹாஷி இம்முயற்சிக்குப் பெருந்துணை புரிந்தார். 1983 ஜனவரியில், அனஹைம் நகரத்துக் கண்காட்சியில், போட்டி நிறுவனங்களிரண்டின் கருவிகள் கம்பியால் இணைந்து இசைத்தன.

அக்கம்பியில் செல்வது எண்களே. "இன்ன கட்டை, இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது" என்பது ஒரு செய்தி. "அது விடப்பட்டது" என்பது மற்றொன்று. கட்டைக்கும் வேகத்துக்கும் 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. பியானோவின் நடு 'சி' கட்டைக்கு எண் 60. செய்திகள் 16 தடங்களில் பிரிந்து செல்லும். எப்பொழுது அழுத்தப்பட்டது என்பதைப் பதிவுசெய்யும் கணினியே குறித்துக்கொள்கிறது.

1985-இல் வந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி இணைப்பு உடன் அமைந்திருந்தது. ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989-இல் அதற்கென வெளியிட்ட கியூபேஸ், இசைப்பகுதிகளை இடமிருந்து வலமாகக் காலவரிசையில், வரிவரியாக அடுக்கிக் காட்டியது. ஒரு பகுதியைத் திறந்தால் சுரங்கள் பட்டைகளாய்த் தோன்றும். அத்தோற்றத்திற்குப் பியானோ ரோல் என்ற பழம்பெயரே இன்றும் நிலைக்கிறது. அனைத்தையும் எண்களாய்ப் பட்டியலிட்டுப் பார்ப்பதும் உண்டு. நீக்கவும் நகர்த்தவும் நீட்டவும் எளிது. எனினும் அழுத்தும் செய்தியை விட்டுவைத்து, விடும் செய்தியை மட்டும் அழித்துவிட்டால், சுரம் நில்லாது ஒலித்துக்கொண்டே இருக்கும்.

இனி, குவாண்டைஸ் என்னும் வசதியைக் காண்போம். தாளத்தினின்று சற்று விலகிய சுரங்களையெல்லாம் அது ஒரே கட்டளையில் கட்டத்தினுள் நிறுத்திவிடும். பல்லாண்டுகள் மாணவர் கட்டுரைகளைத் திருத்தியவன் என்ற முறையில் இவ்வசதியை நான் சற்று அச்சத்துடனேயே நோக்குகிறேன். எழுத்துப்பிழை திருத்துவது ஆசிரியர் கடமை. மாணவனின் நடையையே மாற்றிவிட்டால் அது அவன் கட்டுரை ஆகாது. கைத்தடுமாற்றத்தால் பிந்திய சுரமும், கருத்தோடு பிந்த வைத்த சுரமும் பட்டியலில் ஒரேவகை எண்களே. அவ்விரண்டின் வேற்றுமையைக் கட்டளை அறியாது. நல்ல மென்பொருள்களில், முழுதும் நேராக்காமல் விலகலில் ஒரு பங்கை மட்டும் குறைக்கும் ஏற்பாடு அதனாலேயே இருக்கிறது.

ஆகவே இக்கலை பயிலும் இளைஞர்க்கு நான் கூறுவது இதுவே: திருத்துமுன் ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். செவிக்குக் குறையாகத் தோன்றாததைத் திரையில் கோணலாய்த் தோன்றுவதற்காக நகர்த்தாதீர்கள்.