அதட்டாம கேட்ட கேள்வி

1982, நார்வேயின் பெர்கன் பகுதி. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், குடிநோயாளிகளிடம் எப்படிப் பேசுவதுன்னு அங்கிருந்த ஆலோசகர்களுக்கு நடித்துக் காட்டுறார். ஏன் இந்தக் கேள்வின்னு அவங்க நிறுத்தி நிறுத்திக் கேட்க, தன் முறை அவருக்கே பிடிபட்டது: அதட்டினா ஆள் குடியைத்தான் நியாயப்படுத்துவார், மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரணும். 1983-ல் அதுக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்னு பேர் வச்சு எழுதினார்.

ஆட்டிசத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? 1987-ல் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில் குழந்தைக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. பெற்றோரும் வீட்டில் தொடரணும். முடியாத அம்மாவுக்கு "ஒத்துழைக்கலை"ன்னு பட்டம். (அதுக்கு முன்னாடி, ஆட்டிசத்துக்கே அம்மாதான் காரணம்னாங்க. கொடுமை!) மில்லர் வழியில் வர்ற தெரபிஸ்ட் கேட்பது, "இப்ப உங்களுக்கு எது முக்கியம்?" பதில் "ராத்திரி தூக்கம்"னா, திட்டமும் தூக்கத்திலிருந்தே தொடங்கும்.