கிணறு இல்லாத தோட்டம்

2020 டிசம்பர் 31 ஆம் திகதி ஃபார்ம்வில் என்ற கணினி விளையாட்டு மூடப்பட்டது. கொரோனாச் செய்திகளுக்கிடையில் இரண்டு பத்தியில் வந்துபோன செய்தி அது. செய்தியாசிரியராக நான் இருந்திருந்தால், இடமில்லை என்று ஒதுக்கிவைத்திருப்பேன். ஆனால் அன்று அதை இரண்டு தடவை வாசித்தேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றின் தொடர்மாடி வீட்டில், பேத்தியின் கணினிக்கு முன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் என் மாமியின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த நினைவுக்குப் பின்னால் ஒரு சிறு வரலாறு இருக்கிறது. அதை எழுதவேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

கணினியில் விவசாயம் செய்யும் எண்ணம் பேஸ்புக்கோடு பிறந்ததல்ல. 1993 இல் அமெரிக்காவின் மாக்சிஸ் நிறுவனம் சிம்ஃபார்ம் என்ற விளையாட்டை வெளியிட்டது. அது கணக்கு வழக்குப் பார்க்கும் பண்ணை முதலாளிக்கானது. மனத்தைத் தொடும் பண்ணை விளையாட்டு 1996 ஆகஸ்டில் ஜப்பானிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ஹார்வெஸ்ட் மூன் என்று பெயர் பெற்ற அந்த விளையாட்டை உருவாக்கியவர் யசுஹிரோ வதா. அவர் தெற்கே கியூஷு தீவின் மியாசாக்கிப் பகுதியிலிருந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தவர். நகர வாழ்க்கைக்குள் வந்த பிறகுதான் நாட்டுப்புறத்தின் அருமை தெரிந்தது என்பதை அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். இவ்வகை விளையாட்டின் தொடக்கத்திலேயே ஊரை விட்டு வந்த ஒருவரின் ஏக்கம் இருந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த கட்டம் சீனாவில் நிகழ்ந்தது. 2008 இல் ஷாங்காயைச் சேர்ந்த ஃபைவ் மினிட்ஸ் என்ற சிறு நிறுவனம், சமூக வலைத்தளமொன்றில் ஹாப்பி ஃபார்ம் என்ற விளையாட்டை அறிமுகப்படுத்தியது. அதில் நண்பர்களின் தோட்டத்துக்குள் புகுந்து விளைந்த மரக்கறியைத் திருடலாம். நகரத்து அலுவலக ஊழியர்கள் நள்ளிரவில் கடிகாரத்தில் மணி வைத்து எழுந்து தம் பயிரைக் காத்தார்கள், மற்றவர் பயிரைக் களவாடினார்கள். 2009 இன் தொடக்கத்தில் ஃபார்ம் டவுன் என்ற விளையாட்டு பேஸ்புக்குக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 19 இல், சான் பிரான்சிஸ்கோவின் சிங்கா நிறுவனம் ஃபார்ம்வில்லை வெளியிட்டது. ஆறே வாரங்களில் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பேர் அங்கே உழுதுகொண்டிருந்தார்கள். 2010 மார்ச்சில் மாதமொன்றுக்கு எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் விளையாடினர். அதே ஆண்டில் பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரசபையில், கூட்டம் நடக்கும்போது மடிக்கணினியில் பால் கறந்துகொண்டிருந்த உறுப்பினர் ஒருவர் குழுவொன்றிலிருந்து வாக்கெடுப்பின் மூலம் நீக்கப்பட்டார்.

ஜூன் 19 என்ற திகதியை நம்மவர்கள் வேறொரு கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்னர், மே 19 இல்தான் யுத்தம் முடிந்துவிட்டதாக இலங்கை நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 2,80,000 மக்கள் அப்போது முட்கம்பி வேலிகளுக்குள் இருந்தார்கள். அந்த முகாம்களுள் மிகப் பெரியது செட்டிகுளத்தில் இருந்தது. அதன் பெயர் மெனிக் ஃபார்ம். உலகம் விளையாட்டுக்காகப் பண்ணை அமைத்த அந்த மாதங்களில், பண்ணை என்று பெயர் கொண்ட நிலத்தில் வன்னியின் உண்மையான கமக்காரர்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

கொழும்புத் தமிழர்களின் காணிக்கதை அதற்கும் பழையது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். பலாலி, காங்கேசன்துறை ஆகியவற்றைச் சூழ்ந்த செம்மண் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. என் மாமியின் ஊர் அதற்குள் அகப்பட்டது. அது சாதாரண மண்ணல்ல. 1970 இல் ஆட்சிக்கு வந்த அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, கொழும்புச் சந்தைக்கு லொறி லொறியாக அனுப்பிய மண் அது. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்படும்வரை அந்தத் தோட்டக்காரர்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். மாமி மணமாகித் தோட்டத்தில் இறங்கியது அந்த ஆண்டுகளில்தான். இடம்பெயர்ந்து பல ஊர்களில் இருந்து, இறுதியில் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது, அவர் கையில் எஞ்சியிருந்தது காணி உறுதி மட்டுமே. அதைப் பொலித்தீன் உறையொன்றில் போட்டு அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார்.

2009 இன் பிற்பகுதியில் அந்த ஒழுங்கையில் பல வீடுகளுக்கு ஃபார்ம்வில் வந்துவிட்டது. வீட்டில் இணைய இணைப்பு இல்லாத பிள்ளைகள், காலி வீதியின் இணைய நிலையங்களில் அரை மணி நேரக் கட்டணம் கொடுத்து அறுவடை செய்துவிட்டு வந்தார்கள். நான் அப்போது பத்திரிகையில் வாரம் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். முகாமில் மக்கள் அல்லற்படும்போது வெள்ளவத்தையில் கணினித் தோட்டத்துக்கு எருப் போடுகிறார்கள் என்று மிகக் கடுமையாகக் கேலி செய்து எழுதினேன். பாராட்டுகள் வந்தன. நானும் மகிழ்ந்தேன். என் வீட்டிலேயே ஒருவர் தோட்டம் செய்துகொண்டிருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

பேத்திதான் மாமிக்குத் தொடங்கிக் கொடுத்தாள். தொடங்குவது மிக எளிது. சேர்ந்தவுடன் சில பாத்திகளும் செலவுக்குக் கொஞ்சம் நாணயங்களும் கிடைக்கும். ஒரு பாத்தியை உழுவதற்கு 15 நாணயம். பிறகு விதை வாங்கி ஊன்ற வேண்டும். புதியவர்களுக்குக் கிடைப்பவை ஸ்ட்ரோபெரி, கத்தரி, கோதுமை, சோயா ஆகியவை. ஸ்ட்ரோபெரி நான்கு மணி நேரத்தில் விளையும், கத்தரிக்கு இரண்டு நாள், கோதுமைக்கு மூன்று நாள். உரிய காலத்தில் பறிக்காவிட்டால் பயிர் கருகிப் போகும். ஆகவே கணினிக்கு அருகில் இருப்பவர் ஸ்ட்ரோபெரி போடலாம், வெளியே போகிறவர் கத்தரியோ கோதுமையோ போடவேண்டும். உழும்போதும் விதைக்கும்போதும் அனுபவப் புள்ளி சேரும், அறுவடையில் நாணயம் சேரும். புள்ளி கூடக்கூடப் புதிய விதைகள் கிடைக்கும். காணியைப் பெருப்பிக்க விரும்பினால் அயலவர்களைச் சேர்க்க வேண்டும், அல்லது உண்மையான பணம் செலுத்த வேண்டும். நிறுவனத்தின் வருமானம் இந்தக் கடைசி வரியில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அறைக்குள் நுழைந்தபோது மாமி திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பத்தியை அவர் வாசித்திருந்தார் என்பது அவர் நிமிராததிலிருந்தே தெரிந்தது. பேத்தியிடம் கேட்டார்:

"பிள்ளை, இந்தத் தோட்டத்துக்குக் கிணறு எங்கை?"

"இதிலே தண்ணி விடத் தேவையில்லை, அம்மம்மா."

"தண்ணி இல்லாமல் ரெண்டு நாளிலை கத்தரி காய்க்குதோ? ஆர் இதைச் செய்தவன்? ஒரு நாள் மண்வெட்டி பிடிச்சிருக்கமாட்டான்."

யாழ்ப்பாணத்துத் தோட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். ஆறு இல்லாத குடாநாட்டில் கிணறுதான் தோட்டம். ஒரு கிணற்றைப் பலர் பங்கு வைத்திருப்பார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு என்று இறைப்பு முறை இருக்கும். துலா மிதித்த காலம் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும் முறை மாறவில்லை. காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். தண்ணீருக்காகச் சண்டை பிடித்து நீதிமன்றம் போனவர்களும் உண்டு, அடுத்தவன் பயிர் வாடுகிறதென்று தன் முறையை விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு.

இவ்வளவு குறை சொன்னவர் ஏன் நாள்தோறும் அங்கே போய் உட்கார்ந்தார்? எனக்கு விடை கிடைத்தது திரையின் கீழ்வரிசையில். அங்கே அயலவர்களின் படங்கள் இருந்தன. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று சிதறிப்போயிருந்த உறவினரும் ஊரவரும் தத்தம் பிள்ளைகளின் கணக்குகள் வழியாக அங்கே வந்திருந்தார்கள். கனடாவில் விடியும்போது ஒருவர் மாமியின் பாத்திக்கு எருப் போட்டுவிட்டுப் போவார். இங்கே காலையில் மாமி அவருக்கு மரக்கன்று ஒன்றைப் பரிசாக அனுப்புவார். தொலைபேசியில் பேசினால் யார் செத்தார், யார் முகாமில், யாரைக் காணவில்லை என்பதில்தான் பேச்சு முடியும். அந்த நாட்களில் அதைப் பேச எல்லோருக்கும் வலு இருக்கவில்லை. ஒரு மரக்கன்றை அனுப்புவதற்குப் பேச்சுத் தேவையில்லை. என் பத்தியில் நான் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

இன்னொரு திருத்தம் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தது. அலுவலகத்தில் பக்க வடிவமைப்புச் செய்த இளைஞர் ஒருவர் அங்கே ஒரு சிறு அறையில் குடியிருந்தார். அவருடைய பெற்றோர் மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றின் லயனில் இருந்தார்கள். நள்ளிரவில் பக்கங்கள் அச்சுக்குப் போனதும் அவர் பூசணி விதைப்பார். எட்டு மணி நேரப் பயிர். தூங்கி எழும்போது சரியாக இருக்கும். என் பத்தியைப் படித்துவிட்டு அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்:

"உங்க ஆளுங்களுக்குப் போன காணியாவது இருக்குண்ணே. நாங்க நாலு தலமுறையா வேல செஞ்ச மண்ணுல ஒரு அடிகூட எங்க பேருல இல்ல. எங்க குடும்பத்துல மொதல்ல காணி வாங்குனது நான்தான், இந்தக் கம்ப்யூட்டருல."

1948 இன் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 2003 இன் சட்டம் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்த்தது. காணிப் பிரச்சினையை அது தீர்க்கவில்லை. நாடு முழுவதும் விற்கும் தேயிலையை வளர்த்தவர்களின் பிள்ளை, நான்கு பாத்திப் பூசணியைத் தன் நிலம் என்று சொல்லிச் சிரித்ததை என்னால் இலகுவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காணியை இழந்தவரும் காணியே இல்லாதவரும் ஒரே விளையாட்டில் இரண்டு வேறு வெறுமைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலமும் நிலைக்கவில்லை. 2010 இல் பேஸ்புக் தன் விதிகளை மாற்றி, விளையாட்டுகள் அனுப்பும் அறிவிப்புகளைக் குறைத்தது. அயலவரின் வருகை தளர்ந்தது. 2012 இல் இரண்டாம் ஃபார்ம்வில் வந்தது. அதே ஆண்டில் ஃபின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் ஹே டே விளையாட்டைக் கைக்குள் அடங்கும் கருவிகளுக்குக் கொண்டுவர, பிள்ளைகள் அங்கே குடிபெயர்ந்தார்கள். முதல் ஃபார்ம்வில் இயங்கிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுத்திய அதே நாளில் அந்தத் தோட்டங்கள் அனைத்தும் இல்லாமற்போயின. பதினொரு ஆண்டுகள் உழுதவரிடம் கூட உறுதி இருக்கவில்லை. நிலம் முழுவதும் நிறுவனத்துடையது. லயன் அறையில் பிறந்த அந்த இளைஞருக்கு இது புதிய பாடமாக இருந்திருக்காது.

மாமி அதைப் பார்க்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே காலமானார். வலிகாமம் வடக்கின் காணிகள் 2015 முதல் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. இன்னும் விடுபடாதவையும் உள்ளன. எங்கள் முறை வந்தபோது மனைவியும் நானும் அந்தப் பொலித்தீன் உறையோடு ஊருக்குப் போனோம். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. கிணறு கல்லும் மண்ணுமாகப் பாதி தூர்ந்து கிடந்தது. வேலிகளும் எல்லைக் கற்களும் எங்குமே இல்லை.

யாழ்ப்பாணத்து உறுதியில் காணியின் எல்லைகளைப் பக்கத்துக் காணிக்காரரின் பெயராலேயே குறிப்பிடுவார்கள். கிழக்கே இன்னார், வடக்கே இன்னார், தெற்கே ஒழுங்கை என்று. அளக்க வந்தவர் கேட்டார்: "இந்த எல்லைக்காரர் எல்லாம் இப்ப எங்கை? அவையைக் கேட்காமல் கயிறு பிடிக்கேலாது."

மனைவி கைப்பேசியை எடுத்தாள். கிழக்கெல்லை ரொறன்ரோவில் இருந்தது. வடக்கெல்லை பாரிஸில், மேற்கெல்லை ஒஸ்லோவில். மூன்று இடத்துக்கும் பேசினோம். ஒருவர் நித்திரையிலிருந்து எழுந்து, எங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடியில் தங்கள் வேலி நின்றது என்று மனப்பாடமாகச் சொன்னார். இந்தப் பெயர்களை நான் முன்னரே ஒரு தடவை வரிசையாகப் பார்த்திருந்தேன். மாமியின் தோட்டத்துக்குக் கீழே, சிறு சிறு படங்களாக.

அந்தப் பத்தியை இன்று எழுதுவதானால் வேறுவிதமாக எழுதுவேன். அதனால்தான் இதை எழுதினேன். கிணறு தூர்வாரியாகிவிட்டது. முதற்பயிராகக் கத்தரி நட்டிருக்கிறோம். இரண்டு நாளில் காய்க்காது என்பது எங்களுக்குத் தெரியும்.